கம்பிவேலியில் கேட்ட தம்பூரா

நான் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு நடைக் குழுவோடு பர்பேஜ் மூருக்கு அனுப்பிவிட்டாள். மூர் என்றால் மரம் அதிகமில்லாத, காற்று ஓயாத மேட்டுநிலம். காலுக்கடியில் பீட் என்கிற கறுப்பு மண். செத்த பாசி முழுக்க மக்காமல் படிந்து உண்டாவது. ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய 1000 வருஷம் ஆகுமாம்.

இந்தப் பக்கத்து மேடுகள் பலவும் முன்பு பணக்காரர்களின் வேட்டைக்காடு. பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் மலையில் 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை போனார்கள். 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா வந்தது. சமூக அறிவியல் டீச்சரிடம் இதைக் கேட்காமல் தப்ப முடியுமா?

நாங்கள் பன்னிரண்டு பேர். ஒலிப்பதிவுக் கருவியின் மைக்குக்கு ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு ரோம உறை, காற்றின் இரைச்சலைத் தடுக்க. சின்ன மைக் ஒன்றைக் கம்பிவேலியில் ஒட்டிக் கேட்கக் கொடுத்தார்கள். காற்றில் கம்பி அதிர்வது அசல் தம்பூரா! செருப்பில் ஒட்டிய பீட்டைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசினோம். நம்ம டிகாஷன் நிறம்.

பிறகு ஆளுக்கொரு தாள். நடுவில் ஒரு புள்ளி, அது நாம். கண்ணை மூடிக் கேட்டு, எந்தத் திசையில் என்ன ஓசை என்று குறிக்க வேண்டும். கிரவுஸ் என்கிற காட்டுக்கோழி எனக்கு நன்றாகக் கேட்டது. அது "கோ பேக், கோ பேக்" என்று கத்துவதாகச் சொல்கிறார்கள். விசா வாங்கித்தானம்மா வந்தேன் என்றேன், ஒருத்தருக்கும் புரியவில்லை.

தாள்களை வரிசையாகப் புல்லில் வைத்தபோதுதான் பார்த்தேன். என்னுடையதில் எல்லா ஓசையும் வலப்பக்கம். இடப்பக்கம் வெறும் தாள். மற்றவர்கள் எல்லாரும் தலைக்கு மேலே சுருள் சுருளாக ஏதோ வரைந்திருந்தார்கள். எனக்கு அங்கே காற்று மட்டும்தான். நடத்தியவர் ஒன்றும் கேட்காமல் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டி ஒலியைக் கூட்டினார். வானம்பாடி! மூச்சே விடாமல் பாடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் கழற்றவே மனமில்லை.

லுட்விக் கோக் என்பவர் 1889-இல் ஜெர்மனியில் சிறுவனாக இருந்தபோது மெழுகு உருளையில் ஒரு பறவையைப் பதிவு செய்தார். முதல் பறவைப் பதிவு என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பறவை ஷாமா, நம் காடுகளின் சோலைபாடி. அன்றிரவு மகள் அதைத் தேடிப் போட்டாள். வலது காதில் கேட்டேன், பிறகு இடது காதில். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பெஞ்ச் கிசுகிசுப்பையே பிடித்த காதுதான் இது, உங்களுக்குத் தெரியும். வயதாகும்போது கீச்சு ஒலிகள்தான் முதலில் போகுமாம். ஊர் திரும்பியதும் பரிசோதனைக்கு நாள் வாங்கியாயிற்று. அதுவரை போன் பண்ணுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். வலது காதில்தான் வைத்திருப்பேன். பதிவு செய்த வானம்பாடியைக் கீழே போட்டிருக்கிறேன்.