அல்சூர் சந்தும் ஒரு சின்ன மின்சாரக் காரும்

பெங்களூரில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. "விடியற்காலை என்றால் இருபத்தைந்து நிமிஷம், பத்து மணிக்கு மேல் என்றால் ஒன்றேகால் மணி" என்று கடிகாரத்தில்தான் சொல்வார்கள். பென்ஷன் வாங்கியவர்களின் சொர்க்கம் என்று பேர் எடுத்த ஊர் இது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம். அந்தக் குளிர்ச்சி காலையும் மாலையும் இன்னும் மிச்சம் இருக்கிறது. தூங்குமூஞ்சி மரங்களும் குல்மொஹரும் பல தெருக்களில் குடை பிடித்தபடிதான் நிற்கின்றன. குடைக்குக் கீழே வண்டிகள்தான் நகர மாட்டேன் என்கின்றன.

என் அக்கா இருப்பது அல்சூரில். கன்னடத்தில் ஹலசூரு. பலாத்தோப்பு இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கண்டோன்மென்ட்டோடு சேர்ந்து நம் தமிழ் ஜனங்கள் குடியேறிய பேட்டை. சோமேஸ்வரர் கோவிலைச் சுற்றிய தெருக்களில் பூக்காரம்மாவிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். ஏரிக்கரைப் பக்கம் வள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். தெருக்கள் மட்டும் அந்தக் காலத்து ஜட்கா வண்டிக்கு அளவெடுத்த மாதிரி. ஒரு பக்கம் ஸ்கூட்டர் வரிசை, மறுபக்கம் தள்ளுவண்டி, நடுவில் மிஞ்சுவதுதான் பாதை.

இந்தச் சந்துக்குள் ஒரு கார் வாங்கி நிறுத்தலாமா, அதுவும் மின்சாரக் கார் வாங்கலாமா என்ற யோசனையில் அக்கா இருந்தபோதுதான் பத்து நாள் தங்கப் போயிருந்தேன். யோசனைக்குக் காரணம் ஆடம்பரம் இல்லை. அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஆஸ்பத்திரி ஜெயநகர் பக்கம், ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கி, கால் துவண்டு, பதினொரு மணி வெயிலில் திரும்ப வேண்டும்.

"போறது கூடப் பரவாயில்லடி. வர்றதுதான் பாடு. ஃபோன்ல ஆட்டோ புக் பண்ணுவேன். வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு கான்சல் பண்ணிடுவான். இவர் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்" என்றாள் அக்கா.

மெட்ரோ இல்லையா என்று கேட்பீர்கள். ஹலசூருவிலேயே நிலையம் இருக்கிறது, 2011-லிருந்து. ஆனால் மெஜஸ்டிக்கில் இறங்கிப் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். நல்ல கால் உள்ளவர்களுக்கே அந்த நிலையத்தில் ஏறி இறங்கி நடப்பது ஒரு உடற்பயிற்சி. ஆறு மணிக்குள் போய்ச் சேரவும் முடியாது.

மின்சாரக் கார் என்பது பெங்களூருக்குப் புதிசு இல்லை. 'ரேவா' என்று பொம்மை மாதிரி ஒரு வண்டி ஓடியது நினைவிருக்கிறதா? 2001-ல் இதே ஊரில் செய்து விற்பனைக்கு வந்தது. இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள் உட்காரலாம். ஈய பேட்டரி, ஒரு தடவை சார்ஜ் செய்தால் எண்பது கிலோமீட்டர் என்றார்கள். நம் ஊர் சிரித்த அந்த வண்டியை லண்டன்காரர்கள் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஆசையாக வாங்கினார்கள். நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்கு அங்கே 2003-லிருந்து கட்டணம் உண்டு. மின்சார வண்டிக்கு அது அப்போது இல்லை என்பதுதான் ரகசியம். 2010-ல் மஹிந்திரா அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2013-ல் 'இ-டூ-ஓ' என்று அடுத்த வண்டி வந்தது. 2019-ல் அதுவும் நின்றது. பழைய ஸ்கூட்டி ஓட்டி அலுத்த அக்காவுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். அதனால்தான் அவளுடைய முதல் கேள்வியே, "பத்து வருஷம் கழிச்சு இதுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்குமா?" என்பதாக இருந்தது.

இப்போதைய பேட்டரி வேறு ஜாதி, லித்தியம். கம்பெனிகள் பேட்டரிக்கு மட்டும் எட்டு வருஷ உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள். அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எட்டு வருஷமா, அல்லது இத்தனை கிலோமீட்டரா, எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

அக்கா மனசில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று எம்.ஜி. கோமெட். 2023-ல் ஏறக்குறைய எட்டு லட்சத்துக்கு அறிமுகமாகி, 2024-ல் அடிப்படை மாடல் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிய வண்டி. இன்னொன்று டாடா டியாகோ மின்சார வண்டி. 2022-ல் எட்டரை லட்சத்தில் ஆரம்பித்தது. கோமெட்டின் நீளம் மூன்று மீட்டர்கூட இல்லை. ஆட்டோவை விட ஒரு முழம்கூட அதிகமில்லை! டியாகோ மூன்றே முக்கால் மீட்டர். படிக்கும்போது முக்கால் மீட்டர்தானே என்று தோன்றும். அல்சூர் சந்தில் முக்கால் மீட்டர் என்பது ஒரு தள்ளுவண்டியின் ஜீவனம்.

மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் ஒரு கோமெட் வைத்திருக்கிறாள். பச்சை நம்பர் பிளேட், அதில் வெள்ளை எழுத்து. "ஆன்ட்டி, வியாழக்கிழமை எனக்கு வீட்டிலிருந்தேதான் வேலை, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அதிர்ஷ்டம்தான். ஷோரூமில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பதற்கும், நாம் போகிற வழியிலேயே, நாம் போகிற நேரத்திலேயே ஓட்டிப் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வியாழன் காலை ஐந்தேகால். இந்த வண்டிக்கு இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி நான் பின்னால் நுழைந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் நுழைய முடிந்தது. அப்புறம் அத்தான் முன்னால் உட்கார்ந்தார். ஆட்டோவுக்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டும், தாழ்வான காருக்குள் குனிந்து விழ வேண்டும். இதில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டார். டயாலிஸிஸுக்கு ஊசி ஏற்றும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையில் அழுத்தம் படக்கூடாது. ஆட்டோவில் கம்பியைப் பிடிக்க அந்தக் கைதான் தானாகப் போகும் என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் நீளம். சுவரை ஒட்டி நிறுத்தினால் முழுசாகத் திறக்காது. வியாதிக்காரரை ஏற்றுவதற்கு முன் வண்டியைத் தெருவின் அகலமான இடத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

கிளட்ச் கிடையாது, கியர் போடும் தடி கிடையாது. ஒரு குமிழைத் திருகினால் முன்னே, இன்னொரு பக்கம் திருகினால் பின்னே. அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு, இடது முழங்காலில் தேய்மானம். நின்று நின்று போகும் ஊரில் நூறு தடவை கிளட்சை மிதித்தால் அந்த முழங்கால் என்ன ஆகும்! எனக்கு இதுவே பெரிய விஷயமாகப் பட்டது. நடுவயதுப் பெண்களுக்கு வண்டி விற்கிறவர்கள் ஏன் இதை முதலில் சொல்வதில்லை?

டிரினிடி சர்க்கிள், எம்.ஜி. ரோடு, ரிச்மண்ட் சர்க்கிள், டபுள் ரோடு என்று ஓசையே இல்லாமல் போனோம். எஞ்சின் சத்தம் இல்லாததால் குயில் கத்துவது கேட்டது. லால்பாக் வாசலில் நடைப்பயிற்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். உள்ளே இருக்கும் கண்ணாடி மாளிகை 1889-ல் கட்டியது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கேதான் மலர்க் கண்காட்சி. "கல்யாணமான புதுசுல அந்தப் பாறை மேல உட்கார்ந்து வேர்க்கடலை தின்னோம்" என்றார் அத்தான். வாரம் மூன்று தடவை அதே வழியாகப் போகிறவர், ஆட்டோவின் குலுக்கலில் இதைச் சொல்லி அக்கா கேட்டதில்லையாம். அப்படியே சவுத் எண்ட் சர்க்கிள் தாண்டி ஜெயநகர். வீட்டிலிருந்து இருபத்தாறு நிமிஷம்.

சத்தம் இல்லாததில் ஒரு சங்கடமும் உண்டு. திரும்பும்போது பூ வாங்க மார்க்கெட் பக்கம் ஒதுங்கினோம். முன்னே நடக்கிறவர்களுக்கு வண்டி வருவதே தெரியவில்லை. மாடும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர்தான் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலச் சக்கரம். பெரிய பள்ளத்தைக் கண்டால் ஆமை வேகம்தான். பின் சீட்டை விரித்துவிட்டால் சாமான் வைக்க இடமே இல்லை. சீட்டை மடக்கினால் ஸ்டூல், பை, போர்வை எல்லாம் அடங்கும். ஆனால் அப்போது என்னைப் போன்ற தங்கைக்கு இடமில்லை.

பதினொரு மணி நெரிசலில் வீடு திரும்ப ஐம்பத்தைந்து நிமிஷம். அத்தான் சீட்டைச் சாய்த்து, ஏ.சி. காற்றில் தூங்கியே போனார். பெட்ரோல் வண்டி நிற்கும்போதும் எண்ணெய் குடிக்கும். இது நின்றால் ஏ.சி.க்கு மட்டும்தான் மின்சாரம். பிரேக் போடும்போது கொஞ்சம் பேட்டரிக்கே திரும்பவும் வருகிறது. நெரிசல் ஊருக்கென்றே பிறந்த வண்டி என்று தோன்றியது.

இனி ரூபாய்க் கணக்கு. இதை அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டோம்.

இந்த வண்டியின் பேட்டரி 17.3 யூனிட் கொள்ளும். சேதாரம் சேர்த்து 20 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 160 ரூபாய். கம்பெனி சொன்ன தூரம் 230 கிலோமீட்டர், ஏ.சி. போட்டு ஊருக்குள் ஓட்டினால் தனக்கு 170 வருகிறது என்றாள் மாடிப் பெண். ஆகக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய ஏழு ரூபாய். இத்தோடு நிறுத்தினால் எல்லோரும் நாளைக்கே வாங்கிவிடலாம்.

ஆனால் அக்கா கணக்கு டீச்சர். "நான் எவ்வளவு ஓட்டுவேன்னு பாருடி" என்றாள். வாரம் நூறு கிலோமீட்டர். வருஷத்துக்கு 5,200. பெட்ரோல் என்றால் 35,000 ரூபாய். மின்சாரம் என்றால் 5,000. மிச்சம் முப்பதாயிரம். இன்ஷூரன்ஸ் அது இது என்று எட்டு லட்சம் முடங்கும். அது அவளுடைய ரிட்டயர்மென்ட் பணம். பாங்கில் ஏழு சதவீத வட்டிக்குக் கிடந்தால் வருஷம் 56,000 தரும். இன்ஷூரன்ஸ் 25,000, சர்வீஸ் 5,000, மின்சாரம் 5,000. மொத்தம் 91,000. ஆட்டோவுக்கு இப்போது ஆகிற செலவு, நாளைக்கு 600 வீதம் 156 நாளுக்கு, 93,600. சரிக்குச் சரி! வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்குவதைச் சேர்த்தால் நஷ்டம்தான்.

விளம்பரங்களில் வராத விஷயம் இது. மின்சாரக் கார் ஓட ஓடத்தான் மிச்சம் பிடிக்கும். தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு லாபம். கொஞ்சமாக ஓட்டுகிறவருக்கு, லாபம் என்று சொல்லி வாங்கக் கூடாது. 2024-ல் பேட்டரிக்கு மட்டும் வாடகை என்ற திட்டமும் வந்தது. கோமெட் ஐந்து லட்சத்துக்குள், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் என்று அறிவித்தார்கள். மாதத்துக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று நிபந்தனை போட்டிருந்தால் அக்கா மாதிரி ஓட்டுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தான் மெதுவாகச் சொன்னார்: "எனக்காக இவ்வளவு பணத்தைப் போடாதே. நான் எத்தனை நாளோ."

அக்கா தாளை மடித்தாள். "உங்களுக்காக யார் வாங்கறா? என் முழங்காலுக்காக வாங்கறேன்" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே, "வெயில்ல ஸ்டூல் போட்டு உட்கார வேண்டாம்ங்கறதுக்கு எந்தக் காலத்துல கணக்குப் போடறது?" என்றாள்.

பெரிய வண்டியா சின்னதா என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. நான்கு கதவு, சாமான் இடம், வழியில் ஒரு மணியில் ஏற்றிக்கொள்ளும் வேக சார்ஜ் எல்லாம் டியாகோவில் உண்டு. மைசூருக்குப் போய் வரலாம். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் நான் அதைத்தான் வாங்குவேன். அக்கா ஒப்பவில்லை. "மைசூருக்கு ரயில் இருக்கு. ஜெயநகருக்குத்தான் இல்ல" என்றுவிட்டாள். சனிக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சந்து முனையை அளந்தபோது எனக்கும் வாய் அடைத்துப் போயிற்று.

வாங்குவது என்று முடிவானதும் அக்கா ஷோரூமுக்குப் போகவில்லை, எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டாள். டயாலிஸிஸ் இல்லாத புதன்கிழமை வந்தார். அந்த வீட்டு ஒயரிங் நாற்பது வருஷப் பழசு. மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எர்த் புதிதாகப் போட வேண்டும். 16 ஆம்பியர் பிளக்குக்கு மீட்டரிலிருந்தே தனி லைன் இழுக்க வேண்டும், தனி டிரிப் சுவிட்ச் வைக்க வேண்டும். மின்சார ஆபீசில் எழுதிக் கொடுத்து லோடு கூட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் கயிறு போட்டு ஜன்னல் வழியாகச் சார்ஜ் ஏற்றுவது கூடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். காலியிலிருந்து முழுசாக ஏற ஏழு மணி நேரம் ஆகும்; இரண்டு நாளைக்கு ஒரு ராத்திரி போட்டால் தாராளம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊர் என்பதால் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்று அக்கா வைத்துக்கொண்டாள். தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்குவதில்லை என்பது இன்னொன்று. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் கார்கள் மிதந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

பிளக் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கேட்டுக்கு உள்ளே, துளசி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில், சாரல் படாத இடமாகப் பார்த்து, அக்காவுக்குக் குனிய வேண்டாத உயரத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒயரோடு வருகிறேன் என்று எலெக்ட்ரீஷியன் கிளம்பினார்.