ஒட்டு

பி.ஏ. வகுப்பில் எலியட்டின் 'வேஸ்ட் லாண்ட்' பாடமாக வந்தபோது, வேஸ்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேஜையிலிருந்து கழியும் துண்டுகளுக்கு அதுதான் பெயர். அக்கா கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு ஒரு பை கொண்டுவருவாள். அப்பா அதில் பட்டம் செய்வார்.

குண்டடத்தில் ஆனி பிறந்தால் காற்றும் வந்துவிடும். பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் புறமே தீர்ந்துபோக, எங்களுக்கு வந்து சேர்வது காற்று. பின்னாளில் காற்றாலைகள் வந்ததும் இதற்காகத்தான். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று, வாடைக்காற்றில், விண் பூட்டிய பட்டங்களை ஒலிக்கவிட்டு ஏற்றுகிறார்கள். எங்களுக்கு ஆடி. ஆடிப்பட்டம் என்றால் மற்றவர்களுக்கு விதைப்பு. எங்கள் வீட்டில் அதற்கு நேரடிப் பொருள்.

அப்பாவின் முதல் துணிப்பட்டம் எழும்பவேயில்லை. கிளுவை வேலிக்குள்ளிருந்த கொறங்காட்டில் அதை இழுத்துக்கொண்டு ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. பனியன் துணி நெய்ததல்ல, பின்னியது, வளையத்துக்குள் வளையம். காற்று ஊடே போய்விடும். மிச்சமிருப்பது துணியை இழுத்துத் தொப்பை போடவைக்கும். வெட்டிய ஓரமும் தானாகச் சுருளும். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னது அக்காதான். அப்போது அவள் பத்தாவது முடித்து, கைமடியாக வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கிழிந்த குடைத்துணியைப் பிரித்துப் பட்டத்தின் தோளுக்கும் நடுவுக்கும் வைத்தாள். குடைத்துணி நெய்தது, காற்றைத் தாங்கும். பனியன் துண்டுகளை ஓரத்தில் மட்டும் சேர்த்தாள். ரிப் நாடாக்களை வாலாக முடிந்தாள். மூங்கில் சிம்பைப் பசையால் ஒட்டாமல், தையல் மடிப்பையே உறையாக்கி அதற்குள் செருகினாள். பிறகு முதுகுக் குச்சியின் இரு முனைகளிலும் நூல் கட்டித் தூக்கிப் பார்த்தாள். பட்டம் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் ஒரு சிவப்புத் துண்டு ஏறியது. அழகுக்காக வைத்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அது எடைக்காக வைத்தது. கடைசியில் சூத்திரம் கட்டுவது மட்டும் அப்பாவின் வேலை. அந்த மாலையில் அது வெள்வேல மரங்களைத் தாண்டி ஏறி நின்றது.

நான் கோவையில் படித்த மூன்று வருஷக் கட்டணமும் அவளுடைய சனிக்கிழமைச் சம்பளம்தான். அந்தப் படிப்பில் நான் கற்றது, 1912இல் பிக்காஸோ ஓவியத்தில் மெழுகுத்துணியை ஒட்டினார் என்பதும், 1922இல் எலியட் பல மொழிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரு கவிதை செய்தார் என்பதும். அதில் பவுண்டு வெட்டியது எவ்வளவு என்பது 1971இல் கைப்பிரதி அச்சானபோதுதான் வெளிவந்தது. பவுண்டு கட்டிங் மாஸ்டர் என்று நானும் ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எலியட்டும் லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதில் எனக்கு ஓர் அசட்டுப் பெருமை உண்டு.

சென்ற வருஷம் ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு இதே பக்கங்களில் நான் ஒரு மதிப்புரை எழுதினேன். 'ஒட்டுத்துணி' என்ற ஒரு சொல்லில் அதைத் தீர்த்துக்கட்டினேன். சில நண்பர்கள் அந்தச் சொல்லை ரசித்ததாகக் கடிதம் எழுதினார்கள். கவிஞர் ஒன்றும் எழுதவில்லை.

இந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா இப்போது செக்கிங்கில் இருக்கிறாள். அவள் மகளுக்காகத் திண்ணையில் உட்கார்ந்து பட்டம் தைத்துக்கொண்டிருந்தாள். மதிப்புரை வந்த இதழ் என் பையில் கிடந்தது. என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். ஒட்டுத்துணி என்ற சொல் வந்த இடத்தில் என் குரல் இறங்கியதை அவள் கவனித்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்தவில்லை.

"ஏங் கண்ணு, இழுத்துப் பாத்தியா?"

"எதை?"

"தையலைத்தான். நாங்க ஒரு பீஸை ஒதுக்கோணும்னா ரெண்டு கையிலயும் புடிச்சு இழுத்துப் பாத்துட்டுத்தான் ஒதுக்குவோம். ஒட்டு இருக்குதுன்னு ஒதுக்க மாட்டோம். ஒட்டு இல்லாத துணி ஏது?"

நான் இழுத்துப் பார்க்கவில்லை. இரண்டாம் கவிதையில் ஒரு நாட்டார் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அறிவியல் சொல்லைக் கண்டதுமே முடிவுக்கு வந்துவிட்டேன். மற்றவற்றை அந்த முடிவுக்குச் சாட்சி தேடித்தான் படித்தேன்.

சேலத்துக்குத் திரும்பியதும் தொகுப்பை மறுபடி எடுத்தேன். பதினோரு கவிதைகளில் தையல் பிடிக்கிறது. எட்டில் இழுத்தவுடன் விட்டுப்போகிறது. அதை இப்போதும் சொல்வேன். நான் கேலி செய்த அந்த இரண்டாம் கவிதை பதினொன்றில் ஒன்று. அந்த அறிவியல் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கவிதை இடப்பக்கம் சாய்ந்தது.