ஜாலியும் பந்தாவும்

ஜனவரி மாசத்து டில்லி வெயிலுக்கு விலையே கிடையாதுங்க. பத்து நாள் பனிமூட்டத்துக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு லேசா எட்டிப் பார்க்கும். உடனே ஆர்.கே.புரத்துல இருக்கிற அத்தனை பால்கனியிலயும் ரஜாய், தலையணை, ஊறுகாய் ஜாடி, தாத்தா, பாட்டி எல்லாத்தையும் காயப் போட்டுடுவாங்க. நானும் ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டுக்கிட்டு ஊசியும் நூலுமா உட்கார்ந்துட்டேன்.

"இன்னும் அதே மேஜை விரிப்பா? அம்மா, நம்ம மேஜையை யாராவது பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?" இது சின்னவள். பன்னிரண்டாம் கிளாஸ். அவ சொல்றதும் நியாயம்தான். எங்க வீட்டு சாப்பாட்டு மேஜை மேல அவளோட கைடு, மாதிரி வினாத்தாள், லேப்டாப், காஞ்சு போன காபிக் கோப்பை இதெல்லாம்தான் இருக்கும். தட்டு வைக்க ஒரு ஓரத்தைக் கெஞ்சி வாங்கணும். அந்த மேஜைக்குத்தான் நான் போன மார்ச்சிலிருந்து வெள்ளை நூல்ல லேஸ் விரிப்பு பின்னிக்கிட்டு இருந்தேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1999ல் வேலை மாற்றலாகி இங்கே வந்தப்ப எனக்கு ஹிந்தியும் தெரியாது, குளிரும் தெரியாது. ஆபீஸ்ல மதியம் ஒரு மணி ஆனா பெண்கள் எல்லாரும் டப்பாவை மூடிட்டுப் புல்வெளிக்குப் போயிடுவாங்க. ஒரு கையில மூங்ஃபலி, மடியில ஊல். நான் ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். எதிர் சீட்டு பஞ்சாபி தீதி ஒருநாள் என் கையில ரெண்டு சலாயைத் திணிச்சுட்டாங்க. நான் கத்துக்கிட்ட முதல் ஹிந்தியே பின்னல் ஹிந்திதான். சலாய்னா ஊசி. சீதா, உல்டா, ஃபந்தா, ஜாலி. ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஃபந்தா, நடுவுல வேணும்னே விடற ஓட்டை ஜாலி. "ஃபந்தா எண்ணு, ஜாலி போடு"ன்னு தீதி சொன்னப்ப எனக்குச் சிரிப்பு தாங்கலை. நம்ம ஊர்ல பந்தா விட்டாலும் ஜாலியா இருந்தாலும் யாரும் ஊசி எடுக்க மாட்டாங்களே :-)

பிள்ளைங்க பிறந்ததும் ஸ்வெட்டரா பின்னித் தள்ளினேன். வருஷத்துக்கு ரெண்டு. பெரியவனுக்கு யானை போட்ட நீலம், சின்னவளுக்கு குல்லாயோட ரோஸ். போன வருஷத்து ஸ்வெட்டரைப் பிரிச்சு, லச்சியாக்கி, அலசி, புது ஊல் சேர்த்து இந்த வருஷத்துக்குப் பின்னுவேன். அளவெடுக்க முதுகுல ஊசியை வச்சுப் பார்க்கும்போது நெளிவாங்க. அப்படியே ஓடிப் போச்சு. ஒருநாள் பெரியவன், "அம்மா, நான் ஹூடி போட்டுக்கறேனே"ன்னு ரொம்ப மரியாதையா சொன்னான். பதினாலு வயசு. அடுத்த வருஷம் சின்னவளும் அதே பாட்டு. பாதியில நின்ன பச்சை ஸ்வெட்டர் இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு.

அப்பதான் வீட்டுச் சாமானுக்கு மாறினேன். டிரே துணி, ஃப்ரிட்ஜ் மேல போடறது, தண்ணிக் குடத்து மூடி, கதவுக்குத் தொங்கல். மேஜைக்கு வயசாகாது பாருங்க. போன வருஷம் அறுபது அங்குலம்னா இந்த வருஷமும் அறுபதுதான். "இதை நான் போட்டுக்க மாட்டேன்"னு அது சொல்லாது. ரங்கமணி கேலி பண்ணுவார், "இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கும் ஒரு உறை போட்டு ஓரத்துல வச்சுடுவே"ன்னு.

லேஸ் பின்னல் ஒண்ணும் பெரிய மந்திரம் இல்லை. நூலை ஊசி மேல ஒரு சுத்து சுத்தினா ஒரு ஓட்டை வரும், கூடவே ஒரு கண்ணி கூடிப்போகும். அதைச் சரிக்கட்ட பக்கத்துலயே ரெண்டு கண்ணியைச் சேர்த்து ஒண்ணாக்கணும். அங்கே கூட்டினதை இங்கே குறைக்கணும், அவ்வளவுதான் கணக்கு. அந்த ஓட்டை எங்கே வருதுங்கறதை வச்சுதான் இலையும் பூவும். ஊசி நம்பர்ல மட்டும் புதுசா வர்றவங்க ஏமாந்துடுவாங்க. நம்ம கடைகள்ல கிடைக்கிறது பிரிட்டிஷ் கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு. 8ன்னா 4 மில்லிமீட்டர், 14ன்னா வெறும் 2. நான் இதுக்கு எடுத்தது 12ஆம் நம்பர். வட்ட விரிப்புங்கறதால ரெண்டு பக்கமும் முனை இருக்கிற அஞ்சு ஊசியில 8 கண்ணியோட நடுவுல ஆரம்பிச்சேன். வட்டம் பெருசாகப் பெருசாக வளைய ஊசிக்கு மாத்தணும். எல்லாம் சீதாதான், உல்டா கிடையாது. கடைசியில 640 கண்ணி வந்துடுச்சு. ஒரு சுத்து முடிக்க முக்கால் மணி நேரம். குக்கர் விசில் எண்ணிக்கிட்டே செஞ்சா ஒரு மணி.

நம்ம ஊருக்கும் லேசுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. எங்க ஊர் திசையன்விளைப் பக்கம். கூப்பிடு தூரத்துல இடையன்குடி. 1856ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல் 1841ல் வந்து தங்கின ஊர். அவர் மனைவி எலைசா, நாகர்கோவில்ல லேஸ் வேலையைத் தொடங்கி வச்ச மால்ட் அம்மாவோட மகள். அம்மாகிட்ட பார்த்ததை மகள் இடையன்குடிக்குக் கொண்டு வந்தாங்க. அது ஊசிப் பின்னல் இல்லை, திண்டு மேல குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டையில நூல் சுத்தி மாத்தி மாத்திப் போடறது. எங்க ஆச்சி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மை போட்டுக்கிட்டு இருப்பாங்க. கட்டைங்க ஒண்ணோட ஒண்ணு முட்டற சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்கு. சின்னப் பிள்ளையா நான் திண்ணையில உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் அவங்ககிட்ட சொல்லுவேன். அவங்க நிமிர்ந்தே பார்க்க மாட்டாங்க, "ம்"னு மட்டும் சொல்லுவாங்க. நான் எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஏன் அவங்ககிட்ட மட்டும் அவ்வளவு பேசினேன்னு அப்போ தெரியலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பெரியவன் தெற்கே ஒரு கல்லூரியில இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிப்பான். "நம்ம ஊரும் தெரியட்டுமே"ன்னு அனுப்பினோம். தினம் ராத்திரி ஒன்பதுக்கு போன் பண்ணுவேன். சாப்பிட்டியா, ம். படிச்சியா, ம். மார்க் வந்துச்சா, ம், பரவாயில்லை. மூணு "ம்"முல என் கடமை முடிஞ்சுடும்.

2025 தீபாவளிக்கு வந்தான். வந்த ரெண்டாம் நாள் ஒரு லச்சி நூலைப் பந்தாகச் சுத்த வேண்டியிருந்தது. நாற்காலி முதுகுல மாட்டிச் சுத்தறதுதான் வழக்கம். அன்னிக்கு நாற்காலி பூரா துவைச்ச துணி. "கொஞ்சம் கையை நீட்டுடா"ன்னேன். ரெண்டு கையையும் நீட்டினான், லச்சியை மாட்டினேன். சின்ன வயசுல இதுக்கு அவனும் தங்கச்சியும் சண்டை போடுவாங்க. இப்போ ஆறடி உசரத்துல தரையில சம்மணம் போட்டு, கையில விலங்கு மாட்டின மாதிரி உட்கார்ந்திருந்தான். போனைத் தொட முடியாது, எழுந்து போக முடியாது. நான் நூலைப் பார்த்துச் சுத்திக்கிட்டே இருந்தேன். கால் மணி நேரம் ஒரு பேச்சும் இல்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தாதே, ப்ளீஸ்."

ரெண்டாம் செமஸ்டர்ல மூணு பேப்பர் அரியர். ரிசல்ட் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆகஸ்ட்லேருந்து பாதி நாள் கிளாசுக்கே போகலை, ரூமை விட்டே வெளியே வரலை.

கத்த மாட்டேன்னு நினைச்சீங்களா? கத்தினேன். நல்லா கத்தினேன். பந்து கையிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில போச்சு. கடன் வாங்கிக் கட்டின ஃபீஸ், பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன், எங்க அப்பா சைக்கிள்ல போய்ப் படிச்சது எல்லாத்தையும் இழுத்தேன். அவன் கையை இறக்கவே இல்லை, பாதி லச்சி கையிலேயே இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னான். "தினமும் மார்க் வந்துச்சான்னு கேட்டே. எப்படி இருக்கேன்னு கேட்டா சொல்லியிருப்பேன்."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஒரு மணி வரைக்கும் கோபத்தோட பின்னினேன். காலையில பார்த்தா நாலு சுத்துல ஜாலி எல்லாம் இடம் மாறி, இலை இருக்க வேண்டிய இடத்துல என்னமோ இருக்கு. நல்ல வேளை, அதுக்கு முந்தின சுத்துல ஒரு சிவப்பு நூலை எல்லாக் கண்ணிக்குள்ளேயும் கோத்து விட்டிருந்தேன். லேஸ் போடறவங்களுக்குத் தெரியும், தப்பு நடந்தா அந்த நூல் வரைக்கும்தான் பிரியும், அதுக்குக் கீழே உள்ளது அப்படியே நிற்கும். ரெண்டாயிரம் கண்ணிக்கு மேல உருவினேன். பிரிக்கறதுக்குப் பத்து நிமிஷம் கூட ஆகலை.

அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். அம்மா பதறவே இல்லை. "ஏட்டி, அவன் வாயைத் தொறந்து சொல்லிட்டாம்லா? பெறவு என்ன? பேப்பரை அடுத்த மாசம் எழுதிக்கிடலாம். சொல்லாமலே இருந்த பிள்ளையள நாம கண்டிருக்கோம்லா"ன்னாங்க. எங்க தெருவுல யாரைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டைப் பத்தி நாங்க பேசறதே இல்லை. போனை வச்சதும் போய் அவன் ரூம் கதவைத் தட்டினேன். "மீதி லச்சியைச் சுத்தணும், வா"ன்னேன். வந்தான்.

இந்தத் தடவை நான் "ம்" மட்டும்தான் சொன்னேன். ரூமில இருக்கிறவங்க பேசற தமிழ் வேகம் பிடிபடலைன்னான். இவன் ஏதாவது சொன்னா "டில்லிக்காரன்"னு சிரிப்பாங்களாம். இங்கே மதராசி, அங்கே டில்லிக்காரன். முதல் பேப்பர் போனதும் மீதி எல்லாமே போயிடும்னு தோணிச்சாம். பந்து முழுசா சுத்தி முடிஞ்ச பிறகும் நூலே இல்லாத கையை நீட்டியபடியே பேசிக்கிட்டு இருந்தான். பெரியம்மை திண்ணை எனக்கு அப்பதான் புரிஞ்சது. முகத்தை உத்துப் பார்த்துக் கேட்டா பிள்ளைங்க வாய் மூடிக்கும். கண்ணு வேற எங்கேயோ இருந்து, காது மட்டும் இங்கே இருந்தா தானா வரும்.

ரங்கமணி அவன் கூடவே போய் நாலு நாள் தங்கி, கல்லூரியில கவுன்சலரைப் பார்க்க ஏற்பாடு பண்ணிட்டு வந்தார். படிப்பைத் தொடரலாமா, வேண்டாமாங்கறதை அவனே முடிவு பண்ணட்டும்னு விட்டோம். சொல்றது சுலபம், விட்டுட்டு இருக்கறதுதான் கஷ்டம். ஒன்பது மணி போன்ல இப்போ மார்க் பேச்சு கிடையாது. என்ன பேசறதுன்னு தெரியாம ஆரம்பத்துல திண்டாடினேன். "இன்னிக்கு 520 கண்ணி"ன்னு நான் சொல்லுவேன், "இன்னிக்கு சாம்பார்ல முருங்கைக்காய்"னு அவன் சொல்லுவான். அப்படியே பழகிடுச்சு.

விரிப்பு ஜனவரி கடைசியில முடிஞ்சது. ஊசியிலிருந்து எடுத்தா பிழிஞ்சு போட்ட கரித்துணி மாதிரி சுருண்டு கிடந்தது. சின்னவள் கவலையோட பார்த்தா. லேஸ் அப்படித்தான். தண்ணியில ஊற வச்சு, மெலிசா சோத்துக் கஞ்சி போட்டு, மெத்தை மேல துணி விரிச்சு, இழுத்து இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசியால குத்தணும். அவளும் கூட உட்கார்ந்து குத்தினா. பொதுத் தேர்வுக்குப் பதினைஞ்சு நாள்கூட இல்லை, "போய்ப் படி"ன்னு நுனி நாக்கு வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். எண்பதாவது ஊசி குத்தும்போது, நூலைப் பார்த்துக்கிட்டே, "அம்மா, எனக்கு டில்லி யூனிவர்சிட்டி வேண்டாம்மா. பூனாவுக்குப் போகணும்"னா.

"ம்"னேன்.

காய்ஞ்சு ஊசியை எடுத்தப்ப பதினாறு இலையும் விரிஞ்சு நின்னுச்சு. 45 அங்குல வட்டம். அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, அவனாவே போன் பண்ணினான். ரிசல்ட் வந்திருக்கு, மூணுல ரெண்டு பாஸ், ஒண்ணு இன்னும் பாக்கி, மே மாசம் எழுதணும். நான் கேட்கறதுக்கு முன்னாடியே சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். அப்புறம், "நீ முதல்ல போட்டியே, கோணலா ஒண்ணு, குடத்து மூடி, அது இருக்கா? என் ரூம் தண்ணிப் பானை மேல தூசி விழுது"ன்னான். டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். பச்சை ஸ்வெட்டருக்கு அடியில இருந்தது. முறுக்கு டப்பாவோட சேர்த்து கூரியர்ல அனுப்பியாச்சு.

மேஜை மேல விரிப்பைப் போட்டேன். ரங்கமணி போட்டோ எடுத்தார். எடுத்து அஞ்சு நிமிஷத்துல அதுக்கு மேல கைடும் லேப்டாப்பும் காபிக் கோப்பையும் வந்து உட்கார்ந்தாச்சு. இருக்கட்டும். அடுத்த வருஷம் இந்த மேஜை எவ்வளவு காலியா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

உங்க வீட்டுலயும் ஆறடியில "ம்"முன்னு ஒண்ணு உலாத்திக்கிட்டு இருந்தா, ஒரு லச்சி நூல் வாங்கி வைங்க. பின்னத் தெரியணும்னு அவசியம் இல்லை. கீரை ஆய்ஞ்சாலும் போதும், பட்டாணி உரிச்சாலும் போதும். நிமிர்ந்து மட்டும் பார்த்துடாதீங்க.