புதுப்பேட்டையில் ஒரு பழைய புல்லட்

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கூவம் கரையோரம் இருக்கிறது புதுப்பேட்டை. பிரித்துப்போட்ட வண்டிகளின் கதவும் கியர் பாக்ஸும் கடைவாசலெல்லாம் குவிந்துகிடக்கும். இங்கே கிடைக்காத பாகம் எங்கேயும் கிடைக்காது என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால், பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் அப்பாவின் புல்லட்டைக் குட்டி யானையில் ஏற்றிவந்து இறக்கினார். எழுபதுகளில் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த வண்டி.

“பேட்டரி ராத்திரியோட ராத்திரியா இறங்கிடுது பாய். லைட்டும் மங்கல். பையன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.”

எலக்ட்ரீஷியன் பாய் முதலில் திறந்தது ஃப்யூஸ் டப்பாவை. உள்ளே ஃப்யூஸ் இல்லை; முறுக்கிவைத்த தடிமனான செம்புக் கம்பி.

“அப்பா போட்டது. அதுக்கப்புறம் ஃப்யூஸே போனதில்ல” என்றார் வந்தவர், சற்றுப் பெருமையாக.

“ஃப்யூஸ் போகாது சார். வண்டிதான் போகும்.”

பாய் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு சின்ன பல்பைக் கோத்தார். சாவி ஆஃப், எல்லா சுவிட்சும் ஆஃப். பல்பு எரியவே கூடாது. எரிந்தது, மங்கலாக.

ஹாரன் ஒயரைக் கழற்றினார். எரிந்தது. பின்விளக்கு ஒயரைக் கழற்றினார். அப்போதும் எரிந்தது. ஹெட்லைட் டூமைத் திறந்து, பேட்டரியிலிருந்து நேராக அம்மீட்டருக்கு வரும் ஒயரை எடுத்துவிட்டார். பல்பு அணையவில்லை. அப்படியென்றால் கசிவு அந்த ஒயரிலேயேதான். சாவியை அணைத்தாலும் அதில் கரன்ட் நிற்காது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றியதும் இடம் தெரிந்தது. ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து, கழுத்துப் பகுதியில் ஒயரின் மேலுறை இறுகி வெடித்திருந்தது. பச்சை பிடித்த செம்பு, ஃபிரேமைத் தொட்டும் தொடாமலும். நன்றாகத் தொட்டிருந்தால் ஒயர் நெருப்பாகச் சுட்டிருக்கும். தடுக்க ஃப்யூஸ் இல்லை. மேலே டேங்க். வந்தவர் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

டேப் சுற்றி அனுப்பியிருக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த மழைக்குத் திரும்பவும் வருவார்கள். பாய் அதே நிறத்தில், அதே கனத்தில் புது ஒயர் இழுத்து, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டினார். கழுத்தருகே கொஞ்சம் தளர்வு விட்டார்.

மங்கல் வெளிச்சத்துக்குக் காரணம் எர்த். இது 6 வோல்ட் வண்டி. ஒரே வாட் பல்புக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும். அதனால் இணைப்பில் லேசான துரு இருந்தால்கூட வெளிச்சம் குறைந்துவிடும். யாரோ ஆசையாக அடித்த கறுப்பு பெயின்ட்டின் மேலேயே எர்த் போல்ட் முடுக்கியிருந்தது. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி மாட்டினார்.

கடைசியாகப் புது ஃப்யூஸ். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்குமாகத் திருப்பிப் பார்த்தார். அம்மீட்டர் முள் அசையவில்லை.

செம்புக் கம்பியைக் குப்பையில் போடப்போனார் பாய்.

“இல்ல, குடுங்க” என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் வந்தவர்.