ஆட்டுமயிர்

செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னைப் படப்பையில் இறக்கிவிடும்போது மணி ஒன்றேகால் ஆகிவிடும். போன மார்கழியில் ஒருநாள், ஏரிக்கரைப் பக்கம் திரும்பும் இடத்துக் குப்பைமேட்டை ஏதோ கிளறிக்கொண்டிருந்தது. நாய் என்றுதான் நினைத்தேன். செல்போன் வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்தது. நுனி கறுத்த கட்டை வால். நரி. வாயில் பிரியாணிப் பொட்டலத்தின் சில்வர் பேப்பர்.

"நரி முகத்துல முழிச்சிருக்க. இந்த வருசம் இன்க்ரிமென்ட் நிச்சயம்டா" என்றான் ரூம்மேட். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம். நான் ஏழாவது படிக்கையில், ஒரு பங்குனி மாதம், பட்டியில் ஆட்டுக்குட்டி குடல் சரிந்து கிடந்தது. "நரி வேலைதான்" என்றார் தாத்தா. மிச்சக் கறியில் பூச்சிமருந்தைத் தடவிக் கழனி ஓரம் வைத்தார். மூன்றாம் நாள் வரப்பில் பெட்டை நரி ஒன்று விறைத்துக் கிடந்தது. காம்புகளில் பால் கட்டியிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு குட்டியும் போனது. அந்தமுறை மூன்று தெருநாய்கள் ஓடுவதை ஆயாவே பார்த்தாள். தாத்தா அதற்கப்புறம் நரியைப் பற்றிப் பேசவே இல்லை.

நான் படித்தது விலங்கியல். பார்ப்பது குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன். நரி என்ன தின்கிறது என்பதை அதன் எச்சத்தைக் கழுவிச் சலித்துக் கண்டுபிடிப்பார்கள் என்று காலேஜில்தான் தெரிந்துகொண்டேன். மயிரின் மேல்தோல் வடிவத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது எலியா, முயலா, ஆடா என்று சொல்லிவிடலாம். பரத்பூரில் நரி உணவில் அறுபது சதவீதத்துக்கும் மேல் எலி, பறவை, பழம்தான். கான்ஹாவில் எலி, ஊர்வன, பழம் மூன்றும் சேர்ந்தே எண்பது சதவீதம். நம் ஆட்கள் நரியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் குள்ளநரி இன்னும் சின்ன வாய்: கரையான், வண்டு, எலி, இலந்தைப்பழம். கழனிக்காரனுக்கு எலி பிடித்துக் கொடுத்த ஜீவன்களைத்தான் நாம் திருடன் என்றோம்.

ஆனால் அந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. எச்சத்தில் ஆட்டுமயிர் இருந்தால் ஆட்டைத் தின்றது என்றுதான் அர்த்தம்; கொன்றது என்று அர்த்தமில்லை. நாய் கொன்று போட்டதையும் நரி தின்னும். தாத்தா வைத்த கறியையும் தின்னும். சோறு மாதிரி மெத்தென்றது சுவடே இல்லாமல் செரித்துவிடும். அதனால் ஊர்க்குப்பையில் வாழும் நரியின் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும்.

ஒரகடம் பக்கம் கழனிகளும் புதர்களும் ஆலைகளாகிவிட்டன. எலிவளை போன இடத்தில் குப்பைமேடு வந்திருக்கிறது. நரிக்கு அது சுலபமான சாப்பாடு. ஆனால் அங்கே நாய்களும் வரும். வெறிநோயும் டிஸ்டெம்பரும் நாய்களிடமிருந்து நரிக்குத் தொற்றும். போகிற வழியில் கன்டெய்னர் லாரிகள் வேறு.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்தபோது காய்ந்த எச்சம் ஒன்றைப் பார்த்தேன். குச்சியால் உடைத்தேன். இலந்தைக் கொட்டைகள், சாம்பல் நிற மயிர், நடுவில் சுருண்ட சில்வர் பேப்பர். எல்லாம் பார்த்த பிறகும் குச்சியைக் கீழே போடாமல் கிளறிக்கொண்டே இருந்தேன். ஆட்டுமயிர் இருக்கிறதா என்றுதான் என் கை தேடிக்கொண்டிருந்தது.