தலைக்கு மேல் அரை அடி

ஏசியை ஏன் உயரத்தில் மாட்டுகிறார்கள் என்று கேட்டால், குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரிதான். 35 டிகிரிக் காற்றைவிட 20 டிகிரிக் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு கனம் அதிகம். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரை மேலே வைத்ததும் இதற்காகத்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, "மேல எங்கயாவது மாட்டுப்பா" என்பவர்களால்தான் எங்கள் தொழில் கெட்டது.

இண்டோர் யூனிட் காற்றை விடுவது கீழ்வாயில், இழுப்பது தலைப்பக்கம். அறையின் சூடு சீலிங்கை ஒட்டித்தான் நிற்கும். அதை இழுத்துக் காயிலில் குளிரவைத்து அனுப்ப வேண்டும். அதனால் தலைக்கு மேல் அரை அடி விடாமல் நான் மாட்டுவதில்லை. சமீபத்தில் ஒரு வீட்டில், இன்டீரியர் வேலைக்கு வந்த இளைஞர் யூனிட்டை ஃபால்ஸ் சீலிங்கோடு ஒட்டி, சுற்றிலும் பிளைவுட் பெட்டி அடிக்கச் சொன்னார். முடியாது என்றேன். "மெக்கானிக்குக்கு டிசைன் தெரியாது சார்" என்று என்னை வைத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னார். பெட்டிக்குள் அடைபட்ட யூனிட், தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். காற்றை இழுக்கும் பக்கம் இருக்கும் சென்சார் அறை குளிர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். கம்ப்ரஸர் நின்றுவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வேர்த்துக் கொட்டும். அப்புறம் ஒருவன் வந்து, கேஸ் குறைந்துவிட்டது என்று கேஸ் ஏற்றிப் பணம் வாங்கிப் போவான். லீக் இல்லாமல் கேஸ் எங்கே குறையும்?

உயரத்துக்கு இன்னொரு காரணம் தண்ணீர். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மவுண்ட் ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். "தம்பி, காத்தை ஃபேன் தள்ளும். தண்ணியைத் தள்ள யார் இருக்கா?" என்பார். சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் யூனிட் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் விடும். அது முழுவதும் தன் பாரத்தால் மட்டுமே வெளியேற வேண்டும். பாய் முதலில் யூனிட் இடத்தைப் பார்க்க மாட்டார். டிரெயின் பைப் எங்கே போய் விழப்போகிறது என்று பார்ப்பார். அங்கிருந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வைத்துப் பின்னோக்கி ஏறி வந்து, சுவரில் பென்சிலால் கோடு போடுவார். மேலே சீலிங்கிலிருந்து அரை அடி, கீழே இந்தக் கோடு. இரண்டுக்கும் நடுவில்தான் யூனிட்டின் இடம். பைப்புக்காகச் சுவரில் போடும் துளையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும். பைப் ஓரிடத்தில்கூட ஏறி இறங்கக் கூடாது. நுனி வாளித் தண்ணீரில் முங்கக் கூடாது. மாட்டி முடித்ததும் டிரேயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, வெயிலில் போய் நிற்பார். தண்ணீர் விட்டு விட்டு வந்தால் பைப்பைக் கழற்றச் சொல்வார். வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார், சாப்பாட்டு நேரம் தாண்டும், பாய் அசைய மாட்டார்.

இன்று பைப்பில் வாட்டம் கொடுக்கச் சோம்பிக்கொண்டு யூனிட்டையே சாய்த்து மாட்டுகிறார்கள். ரசமட்டம் பையில் தூங்குகிறது. வேக்குவம் பம்ப் பைக்கிலேயே கிடக்க, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுப் பைப்பில் உள்ள காற்றைத் தள்ளுகிறார்கள். அது ஆர்22 காலத்துக் கெட்ட பழக்கம். இப்போது வருவது தீப்பிடிக்கக்கூடிய ஆர்32. யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூலி; எத்தனை வீடு முடித்தாய் என்பதுதான் கேள்வி. தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னால், அதெல்லாம் வேண்டாம் என்கிறான் பையன். கம்பெனி கொடுக்கும் புத்தகத்திலேயே அது எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.