ஐந்தருவியின் உத்தரவு

விடுமுறை என்றால் குடும்பத்தோடு மலைவாசஸ்தலத்துக்குப் போகவேண்டும் என்பது இந்நாளில் இல்லற தர்மங்களுள் ஒன்றாகிவிட்டது. ஊட்டிக்கோ கோடைக்கானலுக்கோ கிளம்பினால் ஏழாயிரம் அடி ஏறவேண்டும். வளைவுக்கு வளைவு குழந்தைகளின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படவேண்டும். குற்றாலத்தில் அந்தச் சங்கடம் கிடையாது. ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 அடி உயரத்திலேதான் இருக்கிறது. மலைமேல் நாம் ஏறுவதற்குப் பதிலாக, மலையே தண்ணீர் வடிவத்தில் இறங்கி நம் தலைமேல் ஏறிக்கொள்கிறது!

இவ்வளவு தாழ்ந்த ஊருக்கு அவ்வளவு குளிர்ச்சி எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலை என்னும் பெரிய மதிலில், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் என்று ஒரு திட்டிவாசல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையாள நாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சமுள்ள ஈரத்துடன் அந்த வாசல் வழியாக நுழைகிறது. அதுதான் சாரல். ஆனி ஆடியில் நெல்லைச் சீமையின் மற்றப் பகுதிகள் வெயிலில் வாடிக்கொண்டிருக்க, தென்காசியிலும் குற்றாலத்திலும் மட்டும் கல்யாண வீட்டைப் போல் பன்னீர் தெளிக்கிறார்கள்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மதுரையிலிருந்து மோட்டாரில் புறப்பட்டோம். பாட்டி, குழந்தைகள், ஒரு தூக்குப் புளியோதரை ஆகிய சகல பரிவாரங்களும் உடன் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு. பால்கோவாவுக்கு ஒரு நிறுத்தம். ராஜபாளையம் தாண்டினால் வலப்புறத்தில் மலைத்தொடர் நம்மோடு கூடவே வருகிறது. வாசுதேவநல்லூரை நெருங்கியபோது, கும்பினிப் படையை எதிர்த்து நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னோம். கதை முடிவதற்குள் தென்காசிக் கோபுரம் தெரிந்துவிட்டது.

அந்தக் கோபுரத்தைப் பார்க்காமல் குற்றாலத்துக்கு ஓடுகிறவர்கள் பலர். அது பெரிய நஷ்டம். கோவிலைக் கட்டியவன் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியன். இக்கோவிலில் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைத் திருத்துகிறவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் அடியில் விழுந்து வணங்குகிறேன் என்று அவன் கல்லிலே எழுதி வைத்திருக்கிறான். கட்டிய அரசன், காப்பாற்றப் போகும் யாரோ ஒருவரைக் கும்பிடுகிறான்! 1924-ஆம் வருஷம் கோபுரம் தீப்பட்டுச் சிதைந்தது. 1990-ல் புதுக் கோபுரம் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது. அரசனின் கும்பிடு ஐந்நூறு வருஷங்களுக்கு மேல் காத்திருந்து போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

மாலையில் ஐந்தருவிக்குப் போனால், வழியில் கயிறு கட்டியிருந்தது. வெள்ளம் அதிகம், குளிக்க அநுமதி இல்லை. "நூறு மைல் வந்திருக்கிறோமே!" என்று ஒரு கனவான் காவலரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார். நூறு மைல் வந்தவருக்காக அருவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமா? ஊருக்குள் வானம் வெளுத்திருக்கும். மலைக்குள் மழை பொழியும். அந்த வெள்ளம் முன்னறிவிப்பின்றி வந்து சேரும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம், 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கயிற்றின் அருமை அந்த வீட்டாருக்குத் தெரியும்.

ஆகவே காத்திருந்தோம். காத்திருப்பதற்கும் குற்றாலம் ஏற்ற ஊர்தான். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையின் சுவர்களில் ஓவியங்களைப் பார்த்தோம். கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. ரசிகமணி டி. கே. சி. (1882-1954) இங்கே தங்கி, வந்த நண்பர்களுக்கெல்லாம் கம்பனையும் அருவியையும் சேர்த்தே விருந்தாகப் படைத்தார் என்பதைப் பெரியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். இரவு முழுவதும் சாரல் ஓட்டின்மேல் பேசிக்கொண்டிருந்தது. கைப்பேசியை ஒருவரும் தேடவில்லை. இளைப்பாற வந்த குடும்பம் இளைப்பாறியது அன்றிரவுதான்!

மறுநாள் காலை கயிறு அவிழ்ந்தது. சுமார் நாற்பது அடி உயரத்திலிருந்து நீர் ஐந்து கிளையாகப் பிரிந்து பாறையில் விழுகிறது. பெண்களுக்குத் தனிக் கிளை உண்டு. முழங்கால் வலி என்று மூன்று மாதமாக முனகிக்கொண்டிருந்த பாட்டி, அருவியிலிருந்து வெளியே வர மறுத்துவிட்டாள்! அதிகாரி, வியாபாரி, குடியானவர் எல்லாரும் அங்கே ஒரே மாதிரி தலை குனிந்துதான் நிற்கவேண்டியிருக்கிறது.

ஆனால் படிக்கட்டு ஓரத்தில் ஷாம்புப் பொட்டலங்கள் கிடந்தன. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. இந்த நீர் நம் தலையோடு முடிந்துவிடுவதில்லை. சிற்றாற்றில் சேர்ந்து, குளங்களை நிரப்பி, வயல்களை நனைத்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நாம் கரைத்துவிட்ட நுரையை, கீழே யாரோ ஒருவர் குடத்தில் மொள்ளவேண்டியிருக்கிறது.

நேயர்கள் குற்றாலம் போகும்போது ஒரு நாள் அதிகமாகவே வைத்துக்கொண்டு போங்கள். கயிறு கட்டியிருந்தால் இந்தப் பக்கமே நில்லுங்கள். குளித்துக்கொண்டிருக்கையில் நீர் திடீரென்று கலங்கிச் சருகும் குச்சியும் வந்தால், உடனே கரையேறிவிடுங்கள். கொண்டுபோன பொட்டலங்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பராக்கிரம பாண்டியனின் கும்பிட்டில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.